முழங்கால் உயர வாசப்படி

தங்கச்சியின் பனியன் கம்பெனியில் நான் வைத்த அந்த வாசப்படிக்காக வாங்காத வசவு இல்லை. "ஏனுங்க, இது வாசப்படிங்களா, கோட்டைச் சுவருங்களா?" என்று, தைத்த பனியனில் பழுது பார்க்கிற செக்கிங் பெண்கள் காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை கேட்பார்கள். முழங்கால் உயரம் இருக்கும். பனியன் பண்டலைத் தலையில் வைத்துக்கொண்டு, சேலையைத் தூக்கிப் பிடித்துத்தான் தாண்ட வேண்டும். தள்ளுவண்டி போகாது. எனக்குக் "கப்பல்காரர்" என்று பேர் வைத்தார்கள். வைத்தால் வைக்கட்டும், ஒரு அங்குலம் இறக்க மாட்டேன் என்று நின்றேன். எனக்குக் கோபமும் ஜாஸ்தி, வீம்பு அதைவிட ஜாஸ்தி.

ஊத்துக்குளிப் பக்கம் எருமை மேய்த்துக்கொண்டிருந்தவன் நான். கடற்படைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று போய் நின்றேன், எடுத்துக்கொண்டார்கள். எண்பதுகள் முழுக்கக் கப்பலின் உடம்பைப் பழுது பார்க்கிற வேலை. நான் முதலில் இருந்தது ஒரு கிழட்டுப் போர்க்கப்பல். வெள்ளைக்காரன் பெரிய யுத்தத்தில் ஓட்டி முடித்து நமக்குத் தள்ளிவிட்டது. நான் போன காலத்தில் அதன் சண்டையெல்லாம் முடிந்து, புதிதாகச் சேர்ந்தவர்களுக்குத் தொழில் பழக்குகிற கப்பலாகி இருந்தது.

வெளியிலிருந்து பார்த்தால் ஒரே இரும்பு மலை. உள்ளே இறங்கினால் அறை அறையாகத் தடுத்து வைத்திருப்பார்கள். குறுக்கே இரும்புச் சுவர்கள், அடிமட்டத்திலிருந்து கடல் மட்டத்துக்கு மேலே இருக்கிற தளம் வரைக்கும். சுவர் குட்டையாக இருந்தால் தண்ணீர் மேலே வழிந்து பக்கத்து அறைக்குப் போய்விடுமே! கதவு கனத்த தகடு, ஓரம் முழுக்க ரப்பர், சுற்றிலும் இறுக்குகிற கொக்கிகள், அடியில் முழங்கால் உயரப் படி. சுவரைத் துளைத்து ஒரு வயர் போனாலும் சுற்றிலும் அடைத்திருக்க வேண்டும். எந்தக் கதவு எப்போதும் மூடி இருக்கணும், எதை ஆபத்து வந்தால் மூடணும் என்று கதவுக்குக் கதவு எழுத்துப் போட்டிருக்கும்.

குண்டு பட்டு ஓட்டை விழுந்தால் கப்பல் அவ்வளவுதான் என்று நான் நினைத்திருந்தேன். அப்படி இல்லை. ஓட்டை விழுந்த அறையைக் கடலுக்கே கொடுத்துவிடுவார்கள். மற்ற அறைகளில் இருக்கிற காற்று கப்பலைத் தாங்கும். கொஞ்சம் தாழும், ஒரு பக்கம் சாயும், ஆனால் மிதக்கும். தண்ணீரை அறை விட்டு அறை நடக்க விட்டால்தான் முழுகும். இதைப் புரிந்துகொள்ள ஒரு நாள் போதும். செய்யத்தான் நெஞ்சுரம் வேண்டும்.

எனக்கு அது இருக்கவில்லை. துறைமுகத்தில் நிற்கும்போதே ஒரு தடவை கீழறையில் கடல்தண்ணீர் எடுக்கிற குழாய் வெடித்துவிட்டது. நானும் கூட்டாளியும் மேலே ஓடி வந்தோம். வந்தவன் சும்மா இருக்காமல், டிரான்சிஸ்டரை விட்டுவிட்டேன் என்று திரும்ப உள்ளே ஓடினான். அட மடையா! அதிகாரி "மூடு, மூடு" என்று கத்துகிறார். என் கை கதவில் இருக்கிறது, அசையவே இல்லை. அரை நிமிஷம் இருக்கும். டிரான்சிஸ்டரோடு வந்து சேர்ந்தான், பல்லை வேறு இளித்தான். அந்த அரை நிமிஷத்தில் பக்கத்து அறைக்கும் தண்ணீர் போய் பம்பு மோட்டார் முழுகிவிட்டது. இரண்டு நாள் கப்பலைத் தூக்கி நிறுத்த நாங்கள் பட்ட பாடு நாய் படாது. உயிர்ச்சேதம் இல்லை என்பதுதான் ஒரே ஆறுதல்.

தொண்ணூறுகளில் பணி முடிந்து ஊர் வந்தபோது என் தங்கச்சி தனியாகக் கம்பெனி நடத்திக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளை துணி வெட்டுகிற கட்டிங் மாஸ்டராக இருந்து கம்பெனி ஆரம்பித்தவர். நான் வருவதற்கு ஒரு வருஷம் முன்னால் நெஞ்சுவலியில் போய்விட்டார். முதலிபாளையம் போகிற வழியில் ஓடையை ஒட்டி நீளமான ஒரே ஹால். முன்வாசல் ஓடைப் பக்கம், பள்ளம். பின்பக்கம் ரோடு, அங்கே லாரியில் பெட்டி ஏற்ற உயரமான ஒரு வாசல். "அம்மிணி, ஓடை ஒரு நாள் பெருகுச்சுன்னா முன்னால இருந்து பின்னால வரைக்கும் ஒரே குட்டைதான்" என்றேன். நடுவில் சுவர் எழுப்பி, முழங்கால் உயரத்துக்கு வாசப்படி வைத்தேன். லேத் பட்டறையில் சொல்லி இரும்புக் கதவு, ஓரத்துக்கு லாரி டியூப் ரப்பர், இறுக்கக் கொக்கிகள். கதவு முன்னறைப் பக்கம் திறக்கும், தண்ணீர் வந்தால் தண்ணீரே அதைச் சட்டத்தோடு அழுத்திக் கொடுக்கும். பெண்கள் திட்டினார்கள். தங்கச்சியும் நம்பவில்லை, அண்ணன் மனசு கோணக்கூடாது என்று விட்டுவிட்டாள்.

அந்த வருஷம் ஆயுத பூஜைக்கு மூன்று நாளாக மழை. பின்னறை நிறைய எக்ஸ்போர்ட் பெட்டிகள், கூரை வரைக்கும் அடுக்கியிருந்தோம். மறுநாள் லாரி வரும். இதற்கு முன்னால் அனுப்பின சரக்கை, வாங்குகிற வெளிநாட்டுக்காரர்கள் மட்டம் என்று கழித்துவிட்டார்கள். "இதுவும் கப்பலேறலீன்னா கம்பெனிக்குப் பூட்டுத்தானுங்ணா" என்று தங்கச்சி வாய்விட்டே சொல்லியிருந்தாள். அவளை நம்பி முப்பது பெண்கள்.

பூஜையன்று காலையில் போய்ப் பார்த்தால், என் கதவுக்கு இரண்டு பக்கமும் வாழைக்கன்று! நிலைச் சட்டத்துக் கொக்கியில் பனியன் துணி நாடாவைச் சுற்றி இறுகக் கட்டியிருக்கிறார்கள். கதவு அசையாது. "எவ கட்டுனது?" என்று குதித்தேன். "கட்டறதுக்குத் தோதா கொக்கி வெச்சுக் குடுத்ததே நீங்கதானுங்களே" என்று ஒருத்தி சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள். தங்கச்சி வந்தாள். "ஒரு நாளைக்குத்தானுங்ணா. பூசையன்னிக்குக் கதவச் சாத்துனா லட்சுமி எப்படீங்க உள்ள வருவா?" மழை பெய்கிறது என்றேன். மழை எங்கேயும்தான் பெய்கிறது என்றாள். அன்றைக்கு என் வீம்பை எங்கே தொலைத்தேனோ, பொரியை வாங்கித் தின்றுகொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

முன்னறையில் மெஷினுக்கெல்லாம் சந்தனம் குங்குமம் வைத்து, கத்தி, கத்தரிக்கோல், ஸ்பேனர் எல்லாவற்றையும் கதவோரம் ஒரு மேசையில் பரப்பியிருந்தார்கள். மறுநாள் வரைக்கும் ஒன்றையும் தொடக்கூடாது. அந்தக் கோடியில், முன்வாசல் பக்கம், ஒரு நாற்காலியில் மாப்பிள்ளையின் போட்டோ, மாலையோடு. அவருக்கு இருந்தது அந்த ஒரே படம்தான்.

மூன்று மணிக்கு ஓடை வந்துவிட்டது. சத்தமே இல்லை, முன்வாசல் ஷட்டருக்கு அடியில் பழுப்பாக நுழைந்தது, பார்த்துக்கொண்டிருக்கும்போதே கணுக்கால், கெண்டைக்கால். "எல்லாரும் பின்னால, ரோட்டு வாசலுக்குப் போங்க!" என்று கத்தினேன். பெண்கள் என் படியைத் தாண்டி ஓடினார்கள். நானும் தாண்டி நின்று கதவை இழுத்தேன். வாழைக்கன்று விடவில்லை. நாடாவை அவிழ்க்கப் பார்த்தேன். நனைந்த பனியன் நாடாவை இழுக்க இழுக்க முடிச்சு இறுகுமே தவிர அவிழுமா? நகம் பிய்ந்ததுதான் மிச்சம். தண்ணீர் படிக்கு நாலு விரல் கீழே.

"கத்தி!" என்றேன். எனக்குப் பின்னால் நின்ற பெண்களில் ஒருத்தரும் அசையவில்லை. கத்தியெல்லாம் சாமிக்கு முன்னால் இருக்கிறது. எனக்கே கை நீளவில்லை, உண்மையைச் சொல்லிவிடுகிறேன்.

தங்கச்சிதான் தண்ணீரில் இறங்கினாள். மேசையிலிருந்து மாப்பிள்ளையின் பெரிய கத்தரிக்கோலைக் குங்குமத்தோடு எடுத்தாள். நறுக், நறுக். இரண்டு கன்றும் தண்ணீரில் சாய்ந்தன. படியைத் தாண்டி என் பக்கம் வந்துவிட்டாள். இரண்டு பேரும் கதவை இழுத்தோம். அப்போதுதான் நான் கோடியைப் பார்த்தேன். நாற்காலி ஆட ஆரம்பித்திருந்தது.

"அம்மிணி, போட்டோ" என்றேன். ஓடிப் போய் எடுத்துவர அரை நிமிஷம் ஆகும். என் கை மறுபடியும் கதவிலேயே நின்றுவிட்டது.

அவளும் பார்த்தாள். நன்றாகத்தான் பார்த்தாள். "சாத்துங்ணா" என்றாள். நான் சாத்தவில்லை. என் கையைத் தட்டிவிட்டு, அவளே கதவை இழுத்து, கொக்கிகளை ஒவ்வொன்றாகத் திருகினாள்.

அதோடு முடியவில்லை. சுவருக்கு அடியில் போகிற சாக்கடைக் குழாயை நான் மறந்திருந்தேன், கப்பலில் இருந்தவன் மறக்கலாமா? பின்னறைப் பக்கம் அது கொப்பளித்தது. வெட்டி மிஞ்சின பனியன் வேஸ்ட்டை உருட்டி உருட்டி அடைத்து, மரக்கட்டையை வைத்து அடித்து இறுக்கினேன். கப்பலிலும் இதே வேஸ்ட்தான். தரை ஈரமானதோடு நின்றது. அடிவரிசைப் பெட்டிகளைப் பெண்கள் கைமாற்றி மேலே ஏற்றினார்கள், அன்றைக்கு ஒருத்தியும் படியைப் பற்றிப் பேசவில்லை.

விடிந்து தண்ணீர் வடிந்த பிறகு திறந்தோம். கதவின் அந்தப் பக்கம் நெஞ்சு உயரத்துக்குச் சேற்றுக் கறை. மெஷின்களுக்குள் மண். போட்டோ கண்ணாடியும் சட்டமுமாகக் குப்புறக் கிடந்தது. எடுத்துத் திருப்பினேன், காகிதம் கூழாகி வழிந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. கூட இருந்தவர்கள் பார்க்கிறார்களே என்றுகூடத் தோன்றவில்லை.

தங்கச்சி சட்டத்தைக் கையில் வாங்கி, சேற்றைத் துடைத்துச் சுவரோரம் வைத்தாள். "லாரிக்காரனுக்குப் போன் போடுங்ணா" என்றாள்.

போன் செத்துக் கிடந்தது. நடந்து போய் லாரி ஸ்டாண்டில் சொல்லிவிட்டு வந்தேன். சாயங்காலம் பெட்டிகள் ஒன்று குறையாமல் ஏறின. அவள் பின்வாசலில் நின்று எண்ணிக்கொண்டே இருந்தாள். லாரி தூத்துக்குடிக்குக் கிளம்பி, ரோட்டு வளைவில் மறைந்தது. அதற்கப்புறம்தான் அவள் அழுதாள்.