சங்கும் மக்கும்

புனேயின் ஹடப்சர் அலுவலகத்தில் மங்கையர்க்கரசியின் பெயரை முழுதாகச் சொல்லி முடித்தவர் எவருமில்லை. மூச்சு வாங்கும் என்று பயந்து எல்லோரும் ‘மங்கல்தாயி’, அதாவது மங்கல் அக்கா, என்று சுருக்கிவிட்டார்கள். நூற்பாலை இயந்திரங்களுக்கு உதிரிபாகம் விற்கும் கம்பெனி அது. போன் எடுப்பது முதல் பில் போடுவது வரை அங்கே எல்லாம் அவள்தான். அப்பாவுக்கு அங்கே கட்கி தொழிற்சாலையில் வேலை என்பதால் புனேயிலேயே பிறந்து வளர்ந்தவள். மராத்தியில் ஆட்டோக்காரரை மடக்குவாள், இந்தியில் பேரம் பேசுவாள். தமிழில் வாய் திறக்க மட்டும் உதறல்.

காரணம், சென்னை நாத்தனார் வைஷு. “அண்ணி, ‘பஸ் போயிடுச்சு, மக் நான் ஆட்டோல வந்தேன்’னு சொல்றீங்களே, அது என்ன மக்? பாத்ரூம்லேர்ந்து எடுத்துட்டு வந்தீங்களா?” என்று ஒரு கல்யாணப் பந்தியில் கேட்டுவிட்டாள். மராத்தியில் ‘மக்’ என்றால் ‘அப்புறம்’. அது எங்கே பந்திக்குத் தெரியும்? இலை இலையாகச் சிரித்தார்கள். அன்றிலிருந்து சொந்தக்காரர் விசேஷங்களில் மங்கை ஒரு புன்னகையோடு சரி.

அப்படிப்பட்டவளைத்தான் மேனேஜர் தேஜஸ்வினி பிடித்தாள். கோயம்புத்தூர் மில்காரர்களோடு பேசும் கான்பரன்ஸ் போனில், யார் வந்தார் யார் போனார் என்று அறிவிக்கும் இங்கிலீஷ் பதிவுக் குரல் சொல்வது விளங்காமல் பாதிப் பேர் லைனை வைத்துவிடுகிறார்களாம். தமிழ்க் குரல் வேண்டும். “நீங்க பேசிப் பாருங்க தாயி. சரியா வரலைன்னா சென்னையிலேர்ந்து ஒரு குரல் வாங்கிக்கலாம்” என்று மராத்தியில் சொன்னாள். சென்னை என்ற சொல் சுருக்கென்று தைத்தது. அந்தக் குரல் தன்னுடையதாகத்தான் இருக்க வேண்டும் என்று மங்கைக்கு அங்கேயே வெறி பிடித்துவிட்டது.

கம்ப்யூட்டர் பிரிவு கிட்டுவும் புனேத் தமிழன்தான். பார்க்கிங்கில் நின்ற தன் காரையே ஸ்டுடியோ ஆக்கினான். ஜன்னலை ஏற்றி, ஏசியை அணைத்ததும் கார் இட்லிக் கொப்பரை மாதிரி ஆனது.

“உங்கள் பெயரைச் சொல்லுங்கள், மக் ஹாஷ் பட்டனை அமுக்குங்கள்.”

“மங்கைக்கா, மக்கு!” என்று கிட்டு அலற, இருவரும் சிரித்துச் சிரித்துக் கண்ணாடியே வியர்த்துவிட்டது. மக்கை விரட்டினால் பஸ் ஹாரன் வந்தது. ஹாரன் போனால் சிரிப்பு வந்தது.

படிக்கக் கொடுத்த தாளில் ‘கூட்டத்திலிருந்து விலகியுள்ளார்’ என்று இருந்தது. “இது என்ன கட்சியா, விலகறதுக்கு?” என்று மங்கை அதை அடித்தாள். லைனுக்கு வருபவருக்கு “வந்துட்டார்!” என்றும், போனை வைப்பவருக்கு “போயிட்டார்” என்றும் வீட்டில் பேசுகிற மாதிரியே சொன்னாள். அவரவர் சொல்லும் பெயரை மிஷின் முன்னால் ஒட்டிக்கொள்ளும். இசை கிட்டுவின் பொறுப்பு. கணபதி ஊர்வலத்தில் வருடா வருடம் சங்கு ஊதுகிறவன் அவன். வருகிறவருக்கு டோல் மேளம், போகிறவருக்குத் தன் சங்கு என்று சேர்த்துவிட்டான். “மங்களமா இருக்கும்க்கா!” மங்கைக்கும் ஊர்வலம்தான் நினைவுக்கு வந்தது, தலையாட்டிவிட்டாள்.

முதல் அழைப்பை மங்கையும் கிட்டுவும் தேஜஸ்வினியோடு மேஜையைச் சுற்றி உட்கார்ந்து கேட்டார்கள். நன்றாகத்தான் போனது. கோயம்புத்தூர் மில் ஒன்றின் பெரிய முதலாளி நாச்சிமுத்து வீட்டிலிருந்தும், மகன் மில்லிலிருந்தும் பேசிக்கொண்டிருந்தார்கள். பாதியில் பெரியவரின் லைன் அறுந்தது.

“நாச்சிமுத்துங்க” என்றது அவரே சொல்லிவைத்த பெயர். “போயிட்டார்” என்றது மங்கையின் குரல். பின்னாலேயே பூம்ம்ம் என்று சங்கு.

புனேயில் சங்கு ஊதினால் பிள்ளையார் வருகிறார் என்று அர்த்தம். கோயம்புத்தூரில் ஊதினால் யார் வீட்டில் சாவு என்று கேட்பார்கள். இந்த ஞானம் மங்கைக்கும் கிட்டுவுக்கும் அந்த நொடியில்தான் உதித்தது.

“ஐயோ, அப்பா!” என்று மகன் அலறினார்.

மங்கை வாயைப் பொத்திக்கொண்டாள். அவமானத்தில் காது சுட்டது. சென்னைக் குரல் வந்துவிடும், வைஷுவுக்கு ஆயுசுக்கும் சிரிக்க விஷயம் கிடைத்துவிடும்.

அப்போது டோல் அதிர்ந்தது. “நாச்சிமுத்துங்க... வந்துட்டார்!”

“அப்பா! நீங்க போயிட்டீங்கன்னு சங்கே ஊதிப்போட்டாங்க!”

“ஆருங் ஊதுனது? டவரு கெடைக்காம தோட்டத்துப் பக்கம் வந்தனுங். அதுக்குள்ளயா?”

மங்கை போன் பக்கம் குனிந்தாள். “ஐயா, மன்னிச்சுக்கங்க. குரல் என்னோடது. மக் சங்கு இவன்...”

சொன்ன பிறகுதான் உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

“மக்குத்தானுங் அவன்!” என்றார் பெரியவர். “இல்லாட்டி உசுரோட இருக்கறவனுக்குச் சங்கு ஊதுவானா?” லைன் முழுக்க வெடித்துச் சிரித்தது. மக்குப் பட்டம் வாங்கிய கிட்டு மேஜைக்கு அடியில் விழுந்து சிரித்தான். தமிழ் தெரியாத தேஜஸ்வினியும், எதற்கென்றே தெரியாமல் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“ஏனுங் அம்மிணி,” என்றார் பெரியவர், “சங்கைத் தூக்கிப் போடச் சொல்லுங். கொரலை மட்டும் மாத்திப்போடாதீங். ‘வந்துட்டார்’னு நீங்க சொல்றது ஊட்டுக்குள்ள கூப்புடற மாதிரியே இருக்குதுங்.”

தன் தமிழை வீடு என்று ஒருவர் சொல்லி மங்கை கேட்டது அதுதான் முதல் முறை.

அடுத்த கூட்டம் முடிந்து பெரியவர் போனை வைத்தார். சங்கு ஊதவில்லை, ஜால்ரா சிணுங்கியது. “நாச்சிமுத்துங்க... போயிட்டு வரேன்னார்” என்றது மங்கை புதிதாகப் பதிந்த குரல்.

எல்லோரும் வைக்கப் போகும் நேரத்தில் மறுபடி டோல்.

“நாச்சிமுத்துங்க... வந்துட்டார்!”

“என்னங்கய்யா, ஏதாவது விட்டுப்போச்சா?” என்று மங்கை பதறினாள்.

“ஒண்ணுமில்லீங் அம்மிணி. போயிட்டு வரேன்னு சொல்லிப்போட்டீங்கல்ல, வராம இருக்கலாமுங்களா?”