ஒரு விரல் பின்னால்

ஃபாத்திமா துபாய்க்குக் கிளம்பியது திருநீற்றுப் புதன் அன்று. காசிமேட்டில் இறால் உரிக்கும் கொட்டகையில் யாருக்குத் தலை வலித்தாலும் நெற்றிப்பொட்டை அழுத்தித் தணித்துவந்தவள் அவள்தான். சீன வைத்தியம் என்று எங்கோ ஒரு வகுப்பில் கற்றது. ஆட்டோ நகரும்போது, கூட இறால் உரிக்கும் பிலோமியிடம் கத்திச் சொன்னாள்: "புருவ நுனிக்கும் கண்ணு ஓரத்துக்கும் நடுவுல, ஒரு விரல் பின்னால பள்ளம் கீதுல்ல, அங்க அமுக்கு!"

அடுத்த வாரமே பக்கத்து மேசை மகிழினிக்கு ஒற்றைத் தலைவலி பிடித்துக்கொண்டது. "இப்டியே போனா வேலைய வுட்டுடுவேன்க்கா," என்றாள். அவள் சம்பளத்தில்தான் அந்த வீட்டில் அடுப்பு எரிந்தது. பிலோமி விடுவதாயில்லை. தினமும் டீ நேரத்தில் தன் விரல் அகலத்தால் அளந்து அழுத்தினாள். பதினோரு நாளாகியும் வலி அசையவில்லை.

"இன்னாக்கா, இறாலு உரிக்கிற மாதிரி என் மண்டைய உரிக்கிற?"

"சும்மா கெட. நாளைக்கும் அமுக்குவேன்."

மறுநாள் மகிழினி பிலோமியின் கையைத் தட்டிவிட்டபோது இருவர் விரல்களும் பக்கத்தில் பக்கத்தில் தெரிந்தன. இருபது வருடம் ஐஸில் ஊறித் தடித்த பிலோமியின் விரல், மகிழினியுடையதைப் போல ஒன்றரை மடங்கு அகலம்.

"உன் விரல வெச்சு அள," என்றாள் பிலோமி. இத்தனை நாள் அமுக்கிய இடத்துக்குச் சற்று முன்னால் இருந்தது பள்ளம். பிலோமி அங்கே அழுத்தியதும் மகிழினி கண்ணை மூடிக்கொண்டாள். அரை மணியில் வலி இறங்கியது. அவள் வேலையை விடவில்லை.

கிறிஸ்துமஸ் வாரத்தில் ஃபாத்திமாவின் குரல் வாட்ஸ்அப்பில் வந்தது: "பிலோமி, அன்னிக்கு அவசரத்துல ஒண்ணு சொல்ல மறந்துட்டேன். ஒரு விரல்னா உன் விரல் இல்ல, வலிக்கிறவங்க விரல்."