நான் சுருக்கிச் சொன்ன செய்தி

என் கணவர் ஹென்றியின் குரல் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் கம்மியது. சளி என்று நாட்குறிப்பில் எழுதினேன். மூன்று வாரம் கழித்தும் அதையே எழுதிக்கொண்டிருந்தேன்.

அவர் அப்போது பிரிட்டனில் ஒரு சிறுநகரப் பத்திரிகையின் நிருபர். செய்தி சேகரிக்க யாங்கோன் (ரங்கூன்) வந்தபோது இவ்வூர்த் தமிழச்சியான நான்தான் மொழிபெயர்ப்பாளர். முதல் நாளே ஒரு விதி சொன்னார்: எதிரில் இருப்பவர் இரண்டு நிமிடம் பேசினால் நானும் இரண்டு நிமிடம் பேச வேண்டும், எதையும் சுருக்கக் கூடாது. பிறகு ஊர் திரும்பித் தேர்தலில் நின்று, இரண்டு முறை நாடாளுமன்றம் போனார். மூன்றாம் முறை தோற்றார். அதன்பின் இங்கு வந்து என்னை மணந்துகொண்டு நகரின் தின்கன்ஜூன் பகுதியிலேயே தங்கிவிட்டார்.

பயாப்ஸி (சதையைக் கிள்ளியெடுத்துச் செய்யும் சோதனை) முடிவு வந்த அன்று, டாக்டர் என்னிடம் பர்மிய மொழியில் பேசினார். முதலில் குடும்பத்தாரிடம் சொல்வதே இங்கே வழக்கம். பக்கத்தில் இருந்த ஹென்றிக்குச் சந்தைப் பேச்சுக்கு மேல் அந்த மொழி வராது.

“குரல்வளையில் புற்றுநோய், டோ (திருமதி) மல்லிகா. இப்போதே கதிர்வீச்சு கொடுத்தால் குரலைக் காப்பாற்றலாம்,” என்று தொடங்கி நீளமாக விளக்கினார். “அவரிடம் சொல்வதா வேண்டாமா என்பது உங்கள் முடிவு.”

நான் ஹென்றியிடம் திரும்பி, “வீக்கமாம். மாத்திரை போதுமாம்” என்றேன்.

நகரின் இன்னொரு பகுதியான இன்சீனிலிருந்து வந்த என் தம்பியும் மறைக்கவே சொன்னான். “அக்கா, வாயத் தொறந்துடாத. மச்சான் பேசியே ஓட்டு வாங்குன மனுஷன். கேட்டாருன்னா அங்கயே உக்காந்துருவாரு.”

“எத்தன நாளைக்குடா மறைக்கிறது?”

“ஒரு வாரம் போவட்டுமே.”

‘இன்றும் சொல்லவில்லை.’ என் நாட்குறிப்பில் நாற்பத்தேழு பக்கங்களில் இந்த வரி இருக்கிறது. நாற்பத்தெட்டாம் நாள் அவருக்கு மூச்சு இரைத்தது. மருத்துவமனை நடைவழியில் எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் காற்றுக் குரலில் பேசினார். “அன்று டாக்டர் நான்கு நிமிடம் பேசினார். நீ ஒரே வரியில் முடித்தாய். வேறு யாராக இருந்தாலும் கேட்டிருப்பேன். நீ என்பதால் கேட்கவில்லை.”

கதிர்வீச்சு மட்டும் போதும் என்ற கட்டம் தாண்டியிருந்தது. லாரிஞ்செக்டமி (குரல்வளையை முழுதாக அகற்றும் அறுவை) செய்தார்கள். இப்போது கழுத்தில் உள்ள துளை வழியாக மூச்சு விடுகிறார். சிறு பலகையில் அவர் எழுதிய முதல் வரி: “தோற்ற எம்.பி.க்குக் குரல் எதற்கு?” தம்பி சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இதே நிலையில் இருப்பவர்களுக்கு நான் சொல்லக்கூடியது ஒன்றுதான். அந்த நாட்கள் நோயாளியுடையவை. அன்பின் பெயரால் நான் எடுத்துக்கொண்டேன்.

சென்ற மாதம் ஸ்கேன் பார்த்த டாக்டர் மறுபடியும் என்னிடம் திரும்பினார். ஹென்றி கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசையில் வைத்தார். நுரையீரலுக்குப் பரவிவிட்டது என்றார் டாக்டர். “இதை அவரிடம் சொல்லத்தான் வேண்டுமா?” என்றும் கேட்டார். அந்தக் கேள்வி உட்பட அனைத்தையும் சொன்னேன்.

நான் முடித்ததும் ஹென்றி கடிகாரத்தைப் பார்த்தார். பலகையில் எழுதினார்: “நேரம் சரியாக இருக்கிறது.”

முன்பு அவர் கண்ணயர்ந்தால் மூக்கருகே விரல் வைத்துப் பார்ப்பேன். இப்போது விரல் தானாகக் கழுத்துக்குப் போகிறது. நாட்குறிப்பில் இப்போது கிழமையோ நாள் கணக்கோ எழுதுவதில்லை. இன்று அவர் எழுதியதை மட்டும், ஒரு சொல்லும் விடாமல், எழுதிவைக்கிறேன்.