பச்சை பெயிண்ட் அடித்த ஜெர்மன் கிடார்

பழைய கிடாருக்கு விலை சொல்கிறவனுக்கு, விற்க வருகிறவரும் நண்பராக இருக்க மாட்டார், வாங்க வருகிறவரும் நண்பராக இருக்க மாட்டார். பழைய பைக்குக்கோ கறவை மாட்டுக்கோ நாலு பேர் நடுவில் விலை சொல்லி மாட்டிக்கொண்ட அனுபவம் உங்களுக்கு இருந்தால் என் பாடு புரியும். பெரம்பலூர் பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் எனக்கு ஒரு இசைக்கருவிக் கடை. கம்பி மாற்றுவேன், ஆர்மோனியம் ரிப்பேர் பார்ப்பேன். அதோடு, யாராவது பழைய கிடாரைத் தூக்கிக்கொண்டு வந்தால் நியாயமான விலை என்னவென்று சொல்வேன்.

சாதாரணமாக இதற்கு அரை மணி நேரம் போதும். போன வருடம் ஒரு கிடாருக்கு மட்டும் எட்டு நாள் ஆயிற்று. அது ஆரோக்கியம் அண்ணனுடையது. அவர் இறந்து ஒரு வருடம் ஆகப்போகிறது, கல்லறைத் திருநாளுக்குள் அப்பாவுக்குக் கல்லறை கட்டிவிட வேண்டும் என்று அவர் மகள் ஸ்டெல்லா அதைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனாள். கொத்தனார் நாற்பதாயிரம் கேட்டிருந்தார். நான் அதைப் போர்வையில் சுற்றி என் நாற்காலிக்குப் பின்னால் வைத்துவிட்டு, மற்றவர்களுக்கு விலை சொல்லிக்கொண்டிருந்தேன்.

பாடாலூரில் டாலர்

முதலில் வந்தவர் பாடாலூர் ஹைவேயில் டயர் கடை வைத்திருப்பவர். மச்சான் விட்டுப்போன கிடாராம். அதை மேஜைமேல் வைப்பதற்கு முன்பே செல்போனை நீட்டினார். கிட்டத்தட்ட அதே மாதிரி ஒன்றுக்கு அமெரிக்காவில் யாரோ நாலாயிரம் டாலர் விலை போட்டிருந்தான். அதை ரூபாயாக மாற்றி, என்ன வாங்கலாம் என்று வீட்டில் பேசியும் முடித்துவிட்டு வந்திருந்தார்.

ஒரு கண்ணை மூடிக்கொண்டு கழுத்து நேராக இருக்கிறதா என்று பார்த்தேன். முதுகைத் தட்டிப் பார்த்தேன். ஓட்டைக்குள் டார்ச் அடித்து, உள்ளே ஒட்டியிருந்த சீட்டைப் படித்தேன். கல்கத்தாவில் செய்தது, மேல்பலகை வெறும் பிளைவுட். "கேக்குற விலை வேற, வித்த விலை வேறங்க. இந்த மாதிரி நம்ம பக்கத்துல ரெண்டு மூணு வித்திருக்கு. இதுவும் நாலாயிரம் போகும், ஆனா ரூபாய்" என்றேன். அவர் போனைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு சொன்னார்: "அப்ப மரத்துக்கு வெல இல்ல, அது நிக்கிற ஊருக்குத்தான் வெலைன்னு சொல்றீங்க."

புளி போட்டுத் தேய்த்தது

அரியலூரிலிருந்து ஒரு அம்மா போன் செய்தார். தபால் ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வீட்டுக்காரர் பம்பாயில் வாங்கிய கிடார் இருக்கிறதாம். "எப்படி இருக்கோ அப்படியே கொண்டு வாங்கம்மா, தொடைக்கக்கூட வேணாம்" என்று படித்துப் படித்துச் சொன்னேன். பழைய கருவிக்கு மதிப்பே அதன் மேல்தோலில்தான் இருக்கிறது. முதலில் அடித்த பாலிஷ், முதலில் போட்ட திருகு, இதெல்லாம் மாறாமல் இருந்தால் கீறல் விழுந்திருந்தாலும் பரவாயில்லை.

மறுநாள் கொண்டுவந்தார். கம்பி முறுக்குகிற சாவிகளைக் குத்துவிளக்கு மாதிரி புளி போட்டுத் தேய்த்ததில் மேல்பூச்சு போய்ப் பித்தளை பளபளத்தது. பலகையில் தேங்காய் எண்ணெய் வாசம். பன்னிரண்டாயிரம் சொல்லலாம் என்று நினைத்திருந்தவனால் எட்டாயிரம்தான் சொல்ல முடிந்தது. அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை, என் நாற்காலிக்குப் பின்னால் இருந்ததற்கு நான் செய்தது இதைவிட மோசம். அந்த அம்மா கோபப்படாமல் கேட்டார்: "பொண்ணு பாக்க வர்றாங்கன்னா தல சீவி விடாம அப்படியேவா சார் நிறுத்துவாங்க?"

கம்பி இல்லாத விலை

ஜெயங்கொண்டத்து முந்திரி வியாபாரி ஒருவர் புது வீட்டு ஹாலில் மாட்ட ஒரு பழைய கிடார் கேட்டார். நல்லதாக ஒன்றை எடுத்து, சுருதி சேர்த்து, வாசித்தும் காட்டினேன். அவர் காது கொடுத்ததாகவே தெரியவில்லை, அகலத்தை மட்டும் சாண் போட்டு அளந்தார். ஏழாயிரம் என்றேன். கம்பிகளை ஒவ்வொன்றாக விரலால் எண்ணிவிட்டுச் சொன்னார்: "செவுத்துல மாட்டுறதுக்குக் கம்பி எதுக்குங்க? அதக் கழட்டிட்டு ஒரு வெல சொல்லுங்க."

பச்சைச் சட்டை வருடம்

நானும் ஆரோக்கியம் அண்ணனும் ஒரே இசைக்குழுவில் இருந்தோம். செந்துறை, ஜெயங்கொண்டம், அரியலூர் என்று நாங்கள் ஏறாத திருவிழா மேடை இல்லை. அண்ணன் வாசித்தது ஜெர்மனியில் கையால் செய்த கிடார். தன் நாட்டுக்குத் திரும்பிப் போன ஒரு வெள்ளைக்காரப் பாதிரியார் அவருக்குக் கொடுத்தது. தேன் நிறத்தில் இருக்கும். அதைத் தொடுவதற்கு நான் கையைக் கழுவிக்கொண்டு போவேன்.

அந்தக் காலத்தில் எங்கள் பக்கத்துக் குழுக்களுக்கு ஒரு வழக்கம். சீசனுக்கு முன்னால் எல்லோருக்கும் ஒரே நிறத்தில் சட்டை தைப்போம், டிரம், ஸ்டாண்டு, பெயர்ப்பலகை எல்லாவற்றுக்கும் அதே நிறத்தில் பெயிண்ட் அடிப்போம். அந்த வருடம் பச்சை. போட்டோவில் ஜெர்மன் கிடார் மட்டும் சேராமல் நின்றது. டிராக்டர் டிப்பருக்குப் பெயிண்ட் அடிக்கிற பட்டறையில் மிச்சம் இருந்த பச்சையை வாங்கிக்கொண்டு, ஒரு மத்தியானம் நானும் அண்ணனும் உட்கார்ந்தோம். உப்புத்தாள் போட்டுத் தேன் நிறத்தைச் சுரண்டிவிட்டு, ஆளுக்கொரு பக்கம் அடித்தோம். செய்த காரியத்தை நினைத்தால் இன்றைக்கு வயிறு எரிகிறது. ஆனால் அந்த மத்தியானத்தை நினைத்தால் சந்தோஷமாகத்தான் இருக்கிறது, அதை நான் மறைக்கவில்லை. காயப்போட்ட கிடாரைத் தள்ளி நின்று பார்த்துவிட்டு அண்ணன் சொன்னார்: "இப்பதான்டா இது நம்ம ஊரு கிடாரு."

எட்டாம் நாள்

ஸ்டெல்லா வந்தாள். செந்துறைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். போர்வையைப் பிரித்தேன். ஓரத்தில் பச்சை உதிர்ந்த இடத்தில் சுரண்டலுக்குத் தப்பிய தேன் நிறம் கொஞ்சம் தெரிந்தது.

"பெயிண்ட் படாம இருந்தா அறுபதாயிரம் போகும்மா. இப்ப வெளியாளு முப்பதுக்கு மேல தரமாட்டான். கூட்டிச் சொன்னா அது பொய் விலை" என்றேன். கொத்தனார் கேட்ட நாற்பதாயிரம் அவள் மனதில் ஓடியிருக்கும், என் மனதிலும் ஓடியது. விலை சொல்கிறவன் அதை வாங்கக் கூடாது என்பது நான் இத்தனை வருடம் விடாமல் காப்பாற்றிய கட்டுப்பாடு. அன்றைக்கு விட்டுவிட்டேன். "நானே எடுத்துக்கறேன். பெயிண்ட் அடிச்சுக் கெடுத்தது நான், அதனால எனக்கு விலை அறுபது" என்றேன்.

அவள் கிடாரைத் திருப்பி அதன் முதுகைத் தடவினாள். இரக்கப்பட்டுத் தருகிறேன் என்று நினைத்து எழுந்து போய்விடுவாளோ என்று எனக்குப் பயமாக இருந்தது. கணக்கு டீச்சர் இல்லையா, நிதானமாகச் சொன்னாள்: "நாப்பத்தஞ்சு போதும் சித்தப்பா. பின்பக்கத்தக் கெடுத்தது அவருதான்னு அப்பா நூறு தடவ சொல்லியிருக்காரு, நீங்க முன்பக்க நஷ்டத்துக்கு மட்டும் குடுங்க."

கல்லறை கட்டியாகிவிட்டது, கடைச் சுவரில் மாட்டியிருக்கிற பச்சைக் கிடாருக்கு இப்போது யாராவது விலை கேட்டால், பழைய கிடாருக்கு விலை சொல்கிற அளவுக்கு எனக்கு இன்னும் அனுபவம் போதாது என்று சொல்லி அனுப்பிவிடுகிறேன்.