அவளுடைய காரின் பெற்றோல் பம்ப்

மெட்ரோபொலிடன் நெடுஞ்சாலையின் மேம்பாலத்தில், மழைக்குள், என் மனைவியின் கார் நின்றுபோனது. பின்னால் வந்த லொறிகள் ஹோர்ன் அடித்தபடி அவளைச் சுற்றிக்கொண்டு போயின. எச்சரிக்கை விளக்கைப் போட்டுவிட்டுச் சிறிது நேரம் காத்திருந்து மறுபடி சாவியைத் திருப்பியபோது கார் ஒன்றும் நடக்காததுபோல் இயங்கியிருக்கிறது. வீட்டுக்கு வந்து கோட்டைக்கூடக் கழற்றாமல் சமையலறை வாசலில் நின்று சொன்னாள். கையில் ஒரு பூங்கொத்து இருந்தது. மொன்றியல்-நோரில் அவள் பல வருடம் வேலை பார்த்த குழந்தைகள் காப்பகத்தில் அன்று கடைசி நாள். பூங்கொத்து அங்கே கொடுத்தது.

அடுத்த வாரம் அதே காரில்தான் அவள் ரொறொன்ரோவுக்குப் போவதாக இருந்தது.

ஏன் போகிறாள் என்று கேட்டவர்களுக்கு நாங்கள் இருவரும் ஒரே பதிலைத்தான் சொல்லிவந்தோம். ரொறொன்ரோவின் ஸ்காபரோவில் இருக்கும் மகளுக்குக் குழந்தை பிறந்திருக்கிறது, மகள் வேலைக்குத் திரும்பவேண்டும், பேரனைப் பார்க்க ஆள் தேவை. மாதா கோவிலில் பூசை முடிந்து நிற்கும்போது கேட்டவர்கள் நல்லது நல்லது என்றார்கள். நானும் முதலில் சில மாதங்கள்தான் என்று நினைத்தேன். பிறகு அவள் வேலையை விட்டாள். அதற்குப் பிறகு தையல் மெசினைப் பழைய போர்வையில் சுற்றிக் கட்டினாள். படுக்கையறைச் சுவரிலிருந்த மடு மாதா படத்தை எடுத்துத் துணிகளுக்கு நடுவில் வைத்தாள். சுவரில் வெள்ளையாக ஒரு சதுரம் தெரிந்தது. நான் அதைப் பார்த்தேன். அவளும் நான் பார்த்ததைப் பார்த்தாள்.

எங்களுக்குள் பெரிய சண்டை ஒன்றும் இல்லை. எனக்கு டோர்வலில், விமானங்களுக்கு உணவு கட்டும் சமையற்கூடத்தில் வேலை, எப்போதும் பின்னேர முறை. அவளுக்குக் காலை. மகள் சிறியவளாக இருந்தபோது யாராவது ஒருவர் வீட்டில் இருக்கவேண்டும் என்பதற்காகச் செய்துகொண்ட ஏற்பாடு அது. மகள் வளர்ந்தாள், மணமுடித்துப் போனாள், ஏற்பாடு மட்டும் அப்படியே கிடந்தது. நான் வரும்போது அவள் நித்திரை. அவள் போகும்போது நான் நித்திரை. ஒருமுறை அவள் பித்தப்பையில் கல் என்று மெட்ரோவில் தனியே ஆஸ்பத்திரிக்குப் போய், அதை எடுப்பித்துக்கொண்டு, அன்றைக்கே டாக்சியில் வந்து சேர்ந்தாள். ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "நீங்கள் நித்திரை," என்றாள். குறையாகச் சொல்லவில்லை. உண்மையாகவே அதுதான் காரணம். அதுதான் என்னை அதிகம் பயமுறுத்தியது.

கார் நின்ற கதையைக் கேட்டதும் நான் கீழே இறங்கிப் போய் சாவியைப் போட்டுப் பார்த்தேன். கனநேரம் இழுத்துத்தான் ஸ்டார்ட் ஆனது. பின் சீற்றில் காதை வைத்தபோது கீழேயிருந்து ஒரு முனகல் கேட்டது, நுளம்பு காதுக்குள் புகுந்ததுபோல. பெற்றோல் தாங்கிக்குள் இருக்கும் பம்ப் சாகப்போகும்போது அப்படித்தான் சத்தம் போடும். கனடாவுக்கு வந்த புதிதில் ஒரு கராஜில் இரண்டு குளிர்காலம் உதவியாளாக நின்றிருக்கிறேன். அந்தச் சத்தம் எனக்குத் தெரியும்.

எல்லோரும் கார்களுக்குப் பனிக்காலச் சக்கரம் மாற்றும் நாட்கள் அவை. எந்தக் கராஜிலும் இடமில்லை. மகள் தொலைபேசியில் ஆங்கிலமும் தமிழுமாக அம்மாவுக்குச் சொன்னாள், அந்தப் பழைய காரை விட்டுவிட்டு பஸ்ஸில் வரும்படி. மனைவி சம்மதிக்கவில்லை. போவதென்றால் தன்னுடைய காரில் தானே ஓட்டிக்கொண்டு போவதாகச் சொன்னாள். இந்த நாட்டில் அவள் தன் பெயரில் வாங்கிய முதல் பொருள் அது. பம்பை நானே மாற்றித் தருகிறேன் என்றேன்.

"உங்களுக்கு ஏலுமோ?"

"ஏலும்."

ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போகாமல் வேலையைத் தொடங்கினோம். பார்க் எக்ஸ்டென்ஷனில் எங்கள் வீட்டுக்குப் பின்னாலுள்ள ஒழுங்கையில், வீட்டுக்காரரான கிரேக்கக் கிழவர் தன்னுடைய கார் தரிப்பிடத்தை விட்டுத் தந்தார். மழை விட்டிருந்தது. வானம் கழுவாத பாத்திரம்போல இருந்தது. மேப்பிள் இலைகள் ஈரத்தில் ஒட்டி அழுகிக்கொண்டிருந்தன. நான் தனியாகத்தான் செய்ய நினைத்திருந்தேன். ஆனால் அவள் பழைய ஜாக்கெற் ஒன்றைப் போட்டுக்கொண்டு, கையில் ரோர்ச்சுடன் பின்படியால் இறங்கி வந்தாள்.

முதலில் பம்பின் ஃபியூஸைப் பிடுங்கிவிட்டு இயந்திரத்தை ஓடவிட்டேன், குழாயில் இருக்கும் பெற்றோல் தீரும்வரை. இரண்டொரு தடவை இருமிவிட்டு அது நின்றது. பற்றரியின் வயரைக் கழற்றினேன். பின் சீற்றின் இருக்கையைப் பிடித்து மேலே இழுத்தபோது அது ஒரு சத்தத்துடன் கழன்று வந்தது. கீழே தும்பும் மணலும், மகள் பள்ளிக்கூடத்துக்குப் போட்டுக்கொண்டுபோன ஒரு தலைமுடிக் கிளிப்பும் கிடந்தன. மனைவி கிளிப்பை எடுத்துத் துடைத்து, மறுபடி பார்த்து, குப்பைப் பையில் போட்டாள். அவள் அதை வைத்துக்கொள்வாள் என்று நான் நினைத்திருந்தேன்.

தகட்டு மூடியைக் கழற்றியதும் பம்பின் தலை தெரிந்தது. அதைச் சுற்றி ஒரு இரும்பு வளையம். அந்த வளையத்தைத் திருப்பினால்தான் பம்ப் வெளியே வரும். மொன்றியல் வீதிகளில் குளிர்காலம் முழுக்கக் கொட்டும் உப்பு அதை முழுதாகத் தின்றிருந்தது. சுற்றியிருந்த அழுக்கு தாங்கிக்குள் விழக்கூடாது. அவள் வீட்டிலிருந்து பழைய பல்துலக்கியையும் துணியையும் கொண்டுவந்து, ஒரு குழந்தையின் காதைத் துடைப்பதுபோல அந்த இடத்தைத் துடைத்தாள். அவளுடைய கை என்னுடையதைவிடச் சிறியது. வயர் செருகியையும் குழாயின் கொளுவியையும் அவள்தான் கழற்றினாள். நான் எங்கே அழுத்தவேண்டும் என்று சொன்னேன்.

வளையம் அசையவில்லை. இரும்பால் அடித்தால் பொறி பறக்கும், பெற்றோல் ஆவிக்குப் பக்கத்தில் அது கூடாது. மரத்துண்டு ஒன்றை அதன் பல்லில் வைத்துச் சுத்தியலால் தட்டினேன். துருவை இளக்கும் தைலம் அடித்துவிட்டுக் காத்திருந்தேன். மறுபடி தட்டினேன். மரத்துண்டு பிளந்தது, வேறொன்று எடுத்தேன். கதவுகள் நான்கும் திறந்திருந்ததால் குளிர் முதுகில் ஏறியது. நான் முழங்காலில் நின்று குனிந்திருந்தேன். அவள் மற்றக் கதவுப் பக்கம் நின்று ரோர்ச்சைப் பிடித்திருந்தாள். எங்கள் தலைகள் கிட்டத்தட்ட முட்டிக்கொண்டன. இவ்வளவு அருகில் அவளுடைய மூச்சை நான் கேட்டு எவ்வளவு காலம் என்று யோசித்தேன்.

அப்போதுதான் அவள் கேட்டாள்.

"வேணுமெண்டு மெதுவாச் செய்யேல்லைத்தானே?"

நான் தட்டுவதை நிறுத்தினேன். "இல்லை. துருப் பிடிச்சிருக்கு."

"தெரியும். சும்மா கேட்டனான்." பிறகு, என்னைப் பார்க்காமல், தாங்கியைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "மெதுவாச் செய்தாலும் நான் கோவிச்சிருக்க மாட்டன்."

எனக்கு அப்போது வந்ததெல்லாம் ஒரு விதமான பயம். நான் மரத்துண்டை மறுபடி வைத்து அடித்தேன். வளையம் கிரீச்சிட்டுக்கொண்டு அசைந்தது. அந்த நேரத்தில் அது அசைந்திருக்கவேண்டியதில்லை என்று இன்றும் சில வேளை நினைப்பதுண்டு. ஆனால் அசைந்தது, நாங்கள் இருவரும் ஒருசேர ஒரு பெருமூச்சு விட்டோம், பேச்சு அதோடு போய்விட்டது.

பம்பைச் சரித்து, அதன் மிதவைத் தண்டு எதிலும் சிக்காமல் வெளியே எடுத்தேன். அடியிலிருந்த வலை வடிகட்டி கறுத்து, சேறு அப்பியதுபோல இருந்தது. பெற்றோல் மணம் ஒழுங்கை முழுக்கப் பரவியது. வீட்டுக்காரர் மேல்படியிலிருந்து சிகரெட்டை அணைத்துவிட்டுச் சரியா என்பதுபோலக் கட்டைவிரலைக் காட்டினார். வாங்கி வைத்திருந்த புதிய பம்பைத் தாங்கிக்குள் இறக்கி, புதிய றப்பர் வளையத்தைப் போட்டு, அது மடியாமல் இருக்கிறதா என்று அவளை விரலால் சுற்றிலும் தடவிப் பார்க்கச் சொன்னேன். ஒரு இடத்தில் மடிந்திருந்தது. அவள்தான் கண்டுபிடித்தாள். நிமிர்த்தி வைத்தாள். பழைய இரும்பு வளையத்தைப் போடாமல் புதியதொன்றைத் திருகி இறுக்கினேன். குழாய் கொளுவும்போது ஒரு சின்னச் சத்தம் கேட்டது.

பற்றரியைப் பூட்டிவிட்டு, ஸ்டார்ட் பண்ணாமல் சாவியை மட்டும் திருப்பச் சொன்னேன். பின்னால் ஒரு மெல்லிய ரீங்காரம் வந்து நின்றது. மறுபடி திருப்பினாள். எங்கும் கசியவில்லை. மூன்றாம் தரம் ஸ்டார்ட் பண்ணினாள். புதுக் கார்போல உடனே பிடித்தது. அவள் கண்ணாடியில் என்னைப் பார்த்துச் சிரித்தாள். நானும் சிரித்தேன். உண்மையாகவே சந்தோசமாக இருந்தது, ஒரு நிமிடத்துக்கு.

ஓட்டிப் பார்க்கவேண்டும் என்றேன். கையைக் கழுவிவிட்டு அவளுக்குப் பக்கத்தில் ஏறினேன். அக்காடி வீதியால் வடக்கே போனாள். கார் நின்ற அந்த மேம்பாலத்துக்கும் ஏறினாள், இறங்கினாள், ஒன்றும் நடக்கவில்லை. திரும்புவாள் என்று நினைத்தேன். திரும்பாமல் ஆற்றங்கரைவரை போய், ஒரு சிறிய பூங்காவுக்குப் பக்கத்தில் நிறுத்தினாள். ஆறு சாம்பல் நிறத்தில் ஓடிக்கொண்டிருந்தது. ஆட்கள் யாரும் இல்லை. இரண்டு பேருடைய கையிலும் பெற்றோல் மணம் போகவில்லை.

"திரும்பி வருவீரோ?" என்று கேட்டேன்.

"தெரியாது. தெரியாததைத் தெரியுமெண்டு சொல்ல எனக்கு ஏலாது."

"போகவேண்டாம் எண்டு நான் கேட்டால்?"

"போன வருசம் கேட்டிருந்தால் யோசிச்சிருப்பன்." சொல்லிவிட்டு, அது எனக்கு வலித்திருக்கும் என்று நினைத்தாளோ என்னவோ, இருக்கைகளுக்கு நடுவில் இருந்த என் கைமேல் தன் கையை வைத்தாள். "போன வருசம் எங்களுக்குக் கதைக்க நேரமில்லைத்தானே. உங்கட பிழை எண்டு நான் சொல்லேல்லை. என்ர பிழையும் இல்லை. அங்க போனால் ஒரு பிள்ளை காலமை எழும்பி என்னைத் தேடும். எனக்கு அது வேணும்."

நீங்களும் வாருங்கள் என்று அவள் சொல்லவில்லை. சொல்லுவாள் என்று திரும்பி வரும் வழியெல்லாம் காத்திருந்தேன். ரொறொன்ரோவில் எனக்கு இந்த வயதில் யார் வேலை தருவார்கள், மகளின் வீட்டில் எங்கே இடமிருக்கிறது என்று நான் பதிலைக்கூடத் தயாராக வைத்திருந்தேன். கேள்வி வரவில்லை.

சனிக்கிழமை விடியப் புறப்பட்டாள். தையல் மெசினை நானே தூக்கிப் பின்னால் வைத்தேன். பாதி வழியில் கிங்ஸ்டனில் நிறுத்தி அழைத்தாள். கார் ஒரு சத்தமும் போடவில்லை என்றாள். கவனம் என்றேன். அன்று பின்னேரம் வேலைக்குப் போய் விமானத் தட்டுகளில் பாணும் பட்டரும் அடுக்கினேன். இரவு திரும்பியபோது வீட்டில் நித்திரை கொள்ள ஒருவரும் இல்லை. ஆனாலும் பழக்கத்தில் சப்பாத்தை வாசலிலேயே கழற்றி, கதவைச் சத்தமில்லாமல் மூடினேன்.

டிசம்பரில், நத்தார் திருநாளுக்கு நான் பஸ்ஸில் போனேன். மகள் வீட்டு நிலவறையில் மடிப்புக் கட்டில் போட்டிருந்தார்கள். மனைவி எனக்குப் பிடித்த ஆட்டிறைச்சிக் கறி வைத்திருந்தாள். பேரன் அவளுடைய இடுப்பை விட்டு இறங்கவில்லை. அவன் அவளுடைய மூக்கைப் பிடித்து இழுக்க, அவள் சத்தமாகச் சிரித்தாள். வாய்விட்டு, தலையைப் பின்னால் சாய்த்து. அந்தச் சிரிப்பை எங்கள் பார்க் எக்ஸ்டென்ஷன் வீட்டில் நான் கேட்ட ஞாபகம் இல்லை. அவள் திரும்பி வரமாட்டாள் என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது. கோபம் வரவில்லை. சோற்றைப் பிசைந்து சாப்பிட்டேன்.

பஸ் நிலையத்துக்கு அவள்தான் கொண்டுவந்து விட்டாள். ஒரு டப்பாவில் சோறும், இன்னொன்றில் கேக்கும் கட்டித் தந்தாள். போய் இறங்கியதும் அழைக்கச் சொன்னாள். வழி முழுக்கப் பனி தூறியது. மொன்றியலில் இறங்கியதும் அழைத்தேன். மகள்தான் எடுத்தாள். அம்மா பிள்ளையை நித்திரையாக்குகிறா, பேந்து எடுக்கச் சொல்லுறன் என்றாள். சரி என்றேன்.

அவள் அடுத்த நாள் அழைத்திருக்கிறாள். நான் வேலையில் நின்றேன்.