மாடியில் எரிந்த பல்பு

தொண்ணூறுகளின் கடைசியில் சென்னையில் விலங்கியல் முதுகலை படித்துக்கொண்டிருந்தேன். விளக்கு வைத்து அந்துப்பூச்சிகளைப் பிடிப்பதுதான் என் புராஜெக்ட். மாசி மாதம் ஆரணிக்கு வந்து, மொட்டை மாடிக் கொடியில் அப்பாவின் வெள்ளை வேட்டியைத் தொங்கவிட்டு, அதற்கு முன்னால் ஒரு பல்பைக் கட்டினேன்.

பனிக்குப் பூச்சிகள் வரவில்லை. கொசு வந்தது, எப்போதாவது பழுப்பு நிறத்தில் சின்னதாக ஒன்று ஒட்டும். என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. சுவரோரமாக நடப்பேன், வேட்டியைப் பார்ப்பேன், மறுபடி நடப்பேன். பூச்சி மட்டும் காரணமில்லை. வெள்ளிக்கிழமை செய்யாறிலிருந்து என்னைப் பெண் பார்க்க வருவதாக இருந்தார்கள். எனக்கோ மேலே படிக்க ஆசை. அப்பாவிடம் சொல்ல வாய் வரவில்லை.

பொழுது சாய்ந்தால் மாடியில் விளக்கைப் போட்டுக்கொண்டு உலாத்துகிறாளே, யாருக்குச் சைகை காட்டுகிறாள் என்று எதிர்வீட்டு அத்தை அம்மாவிடம் கேட்டுவிட்டார். அம்மா மேலே வந்து, சூடான பல்பைப் புடவைத் தலைப்பால் பிடித்துக் கழற்றிக்கொண்டு போய்விட்டாள். நான் பின்னாலேயே போய், அடுப்பங்கரையில் நின்று எல்லாவற்றையும் கொட்டினேன். படிப்பு ஆசையையும் சேர்த்துத்தான். அம்மா குழம்பைக் கிளறிக்கொண்டே இருந்தாள்.

மறுநாள் சாயங்காலம் பல்போடும் ஒரு முக்காலியோடும் அவளே மாடி ஏறினாள். எதிர்வீட்டைப் பார்த்து முக்காலியைப் போட்டு உட்கார்ந்தாள்.

"நீ பாட்டுக்கு உன் வேலையப் பாரு. நான் இங்கயே குந்திகினு இருக்கேன். யார் வந்து கேக்கறாங்கன்னு பாக்கலாம்."

அன்று குளிர் விட்டிருந்தது. ஒன்றன்பின் ஒன்றாகப் பூச்சிகள் வந்தன. விரல் பருமனில் ஒன்று வேட்டியில் உட்கார்ந்து சிறகு அதிர நடுங்கியது.

"இன்னாடி இது, இப்படி நடுங்கிகினு இருக்குது?"

பறப்பதற்கு முன் உடம்பைச் சூடேற்றிக்கொள்கிறது என்றேன். பூச்சியை அடைக்க நான் வைத்திருந்த பாட்டில்களில் ஒன்றை அம்மா எடுத்து நீட்டினாள். கொஞ்ச நேரம் கழித்து, "படிப்பு விஷயத்த உங்கப்பாகிட்ட நான் பேசறேன்" என்றாள்.

கீழே அவர்கள் பேசியது எனக்குக் கேட்கவில்லை. காலையில் அப்பா செய்யாறு பஸ் பிடித்துப் போய், இப்போதைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தார். அதன்பின் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. நான் சென்னைக்குக் கிளம்பிய அன்று, பாட்டில்களை ஒவ்வொன்றாகத் துணி சுற்றி அட்டைப்பெட்டியில் அடுக்கினார். மடியிலேயே வைத்துக்கொள், கீழே வைத்தால் உடைந்துவிடும் என்றார்.