துவக்கு ரவைகளின் அட்டவணை

எனக்கு அப்போது ஒன்பது வயது. அம்மாவின் தம்பி யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, கனடாவில், ரெக்ஸ்டேலில் எங்கள் அப்பார்ட்மென்டின் சோபாவில் படுக்கத் தொடங்கி ஆறு வாரம். அகதி விண்ணப்பம் போடவிருந்தார். அதிகம் பேசமாட்டார்.

பள்ளிக்கூடத்தில் மூன்று பொருட்களை ஒப்பிட்டு அட்டவணை போடச் சொன்னார்கள். தபாலில் வந்த வேட்டைச் சாமான் கடையின் விளம்பரத்தாளில் துப்பாக்கி ரவைகள் உயர வரிசையில் நின்றன. வடிவாக இருந்ததால் அவற்றையே எடுத்தேன். நீளம், எடை, சுடும் விலங்கு என்று கோடு கீறினேன்.

மாமா எட்டி, மூஸ் என்ற பெரிய காட்டுமானின் படத்தைப் பார்த்தார்.

"உந்த எருமையையும் சுடுறாங்களோ? பாவங்கள்."

பிறகு விரலை வைத்தார். "உந்த நடு ரவை எங்கட ஆமிக்காரன்ர எஸ்.எல்.ஆருக்கும் போகும். கட்டையா நிக்கிறது ரி-56 துவக்குக்கு."

வேட்டைத் துவக்கில் ஒவ்வொரு வெடிக்குப் பிறகும் கையால் இழுத்து அடுத்த ரவையை ஏற்ற வேண்டுமாம். மற்றவற்றில் அது தானாக ஏறுமாம். விசையை மட்டும் திரும்பத் திரும்ப இழுத்தால் போதுமாம். வீட்டுக்குள் படுத்திருந்தபடியே, வெடிகளின் இடைவெளியை வைத்து எந்தத் துவக்கு என்று சொல்லிவிடலாமாம். அவர் அவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. நான்காவது கோடு கீறி, 'சத்தம்' என்று தலைப்பிட்டேன்.

அந்த வெள்ளிக்கிழமை சட்டத்தரணியின் அலுவலகத்தில் படிவம் நிரப்ப வேண்டும். அம்மாவுக்குத் தொழிற்சாலையில் லீவு கிடைக்கவில்லை. எங்கள் வீடுகளில் இங்கிலீசு தெரிந்த பிள்ளைதான் பெரியவர்களோடு போகும். வங்கி, வைத்தியர், வீட்டு வாடகை எல்லாம் நான் பேசி முடித்தவள்.

படிவம் நிரப்பிய பெண், மாமா ஆயுதம் தொட்டதுண்டா என்று கேட்டாள்.

"இல்லையெண்டு சொல்லு, பிள்ளை."

சொன்னேன். மாமாவைச் சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவுகிற வெறும் ஆள் என்று அவள் நினைத்துவிடக் கூடாதே என்று, அவருக்கு எல்லா ரவையும் தெரியும், சத்தத்திலேயே துவக்கைச் சொல்லுவார் என்றும் சேர்த்தேன். அவள் நிமிர்ந்தாள். அப்படியென்றால் சுட்டுப் பழகியவரா என்று கேட்டாள்.

"என்னவாம்?" என்றார் மாமா.

"நீங்கள் கெட்டிக்காரனாம்."

மாமா வெட்கப்பட்டுச் சிரித்தார். அவளைப் பார்த்துத் தலையாட்டினார். அவள் எழுதினாள். முடிவில் எல்லாவற்றையும் அவருக்கு வாசித்து விளக்கச் சொன்னாள். ஏழு பக்கம். "எல்லாம் சரி மாமா" என்றேன். அவர் கையெழுத்து வைத்தார்.

கேட்காததைச் சொன்னேன். கேட்டதைச் சொல்லவில்லை. வாசிக்காததைச் சரி என்றேன். இந்த வரிசையை நான் எழுதுவதற்குப் பல வருடங்கள் சென்றன.

விசாரணையில் மாமா துவக்கைத் தொட்டதேயில்லை என்றார். சண்டை ஓய்ந்த ஒழுங்கைகளில் ஊர்ப் பெடியளோடு வெற்று ரவைக் கோதுகள் பொறுக்கியதில் வந்த அறிவு என்றார். படிவம் வேறு சொன்னது. அவர்கள் அவரை எதிலும் நம்பவில்லை. அடுத்த பனிக்காலம் திருப்பி அனுப்பினார்கள். கொழும்பில் இறங்கிவிட்டதாக ஒரு தொலைபேசி வந்தது. பிறகு ஒன்றும் வரவில்லை.

தீர்ப்பு வந்த அன்று, அந்த வரியை ஆர் எழுதுவித்தது என்று அம்மா கத்தினார். நான் பக்கத்தில் நின்றேன். மாமா என் பக்கம் திரும்பவேயில்லை.

"பிள்ளை சரியாத்தான் சொன்னது அக்கா. நான்தான் விளங்காமல் தலையாட்டிப்போட்டன்."

இவ்வளவு பெரிய ஆளுக்கு இங்கிலீசு விளங்கவில்லையே என்று எனக்கு மாமா மேல் கோபம் வந்தது.